கடிகாரம் யார் கையில்?

மாங்கனிப் போட்டிக் கதையை அறியாதவர் திருத்தணி வட்டாரத்தில் இருக்க முடியாது. ஒரே ஒரு கனி. இரண்டு பிள்ளைகள். உலகத்தை முதலில் சுற்றி வருகிறவனுக்கே கனி என்றார்கள். இளையவன் மயிலேறிப் பறந்தான். மூத்தவன் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. அப்பனையும் அம்மையையும் ஒரு சுற்றுச் சுற்றினான். "நீங்கள்தான் உலகம், சுற்றி முடித்துவிட்டேன், எடுங்கள் கனியை" என்றான். எடுத்துக் கொடுத்துவிட்டார்கள்!

நம்புகிறவர் நம்பட்டும், அவரோடு நமக்கு இன்று வழக்கில்லை. ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்போம். பந்தயம் என்றால் பரிசு வேகத்துக்குத்தானே? வேகம் என்பது என்ன? கடந்த தூரத்தை, எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுத்தால் கிடைப்பது. பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். அதைச் சுற்றக் கிளம்பியவன் தோற்றான். நாலு முழம் நடந்தவன் வென்றான். மயில் சோம்பிப் பறந்ததா? இல்லை. ஓட்டக்காரன் புறப்பட்ட பிறகு, தூரம் என்றால் எது என்பதையே மாற்றிவிட்டார்கள். ஓடியவன் ஒரு கோலால் அளக்கப்படுவோம் என்று நம்பி ஓடினான். தீர்ப்பு வேறு கோலால் வந்தது. அளவுகோல் எவன் கையிலோ, கனி அவன் சொன்ன கைக்கு!

கதையிலே நடந்தால் கேட்டுச் சிரிக்கலாம். நாட்டிலே நடந்தால்? நம் வீட்டுப் பிள்ளைகளுக்கே நடந்தால்? அதற்காகத்தான் இன்று வேகத்தை அளப்பது பற்றி எழுதுகிறேன். பள்ளிக்கூடத்து இயற்பியல் ஆய்வகத்திலே, ஒரு சிறு குண்டின் வேகத்தை ஒரு மாணவி அளப்பது பற்றி. "அரசியல் ஏட்டில் இயற்பியல் எதற்கு?" என்று தோழர்கள் சிலர் புருவத்தை நெரிக்கலாம். படித்து முடித்துவிட்டு நெரியுங்கள், தோழர்களே!

நாடாவைக் கேளுங்கள்

திருத்தணிக்கு மேற்கே, ஆர்.கே.பேட்டையை அடுத்து, ஆந்திர எல்லைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது அம்மையார்குப்பம். நெசவாளர் ஊர். தறிச் சத்தத்திலே பிறந்து, தறிச் சத்தத்திலே வளர்ந்து, அந்தச் சத்தம் நின்றால் சோறு நின்றது என்று பொருள் கொள்ளும் உழைப்பாளிகளின் ஊர். அந்த ஊர்ப் பிள்ளைக்கு வேகம் என்றால் என்ன என்று புத்தகம் சொல்லித் தரவேண்டியதில்லை. பாவுக்குள்ளே பாய்ந்து போகும் நாடா சொல்லித் தரும்.

ஒரு விசைத்தறியில் நிமிடத்துக்கு 120 முறை நாடா பாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாய்ச்சலுக்கு அரை வினாடி. அந்த அரை வினாடி முழுவதுமா நாடா பறக்கிறது? இல்லை, மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் பறப்பு என்று கொள்வோம், மிச்ச நேரம் பெட்டியிலே கிடக்கிறது. ஆக, பறப்பது ஆறில் ஒரு வினாடி. பறக்கிற தூரம் ஒன்றரை மீட்டர் என்றால் வினாடிக்கு 9 மீட்டர். மணிக்கு 32 கிலோமீட்டர்! சைக்கிளில் போகிறவனைப்போல இரண்டு பங்கு வேகம். அது தடம் தவறித் தறியை விட்டுத் தெறித்தால் ஏன் கண் போகிறது, பல் போகிறது என்பது இப்போது புரிகிறதா? தறிக்கு எதிரே காப்பு வலை கட்டு என்று கேட்பதற்கு இந்த ஒரு கணக்குப் போதாதா?

பார்த்தீர்களா, ஒரு கோலும் ஒரு கடிகாரமும் ஒரு வகுத்தலும் சேர்ந்தால் உழைப்பாளியின் வாய்க்கு ஒரு வாதம் கிடைத்துவிடுகிறது. "ரொம்ப வேகமாக ஓடுதுங்க" என்று சொன்னால் முதலாளி சிரிப்பார். "வினாடிக்கு 9 மீட்டர்" என்று சொன்னால் நாற்காலியிலே நிமிர்ந்து உட்காருவார்.

விளக்கெண்ணெயில் விழும் குண்டு

இனி ஆய்வகத்துக்கு வருவோம். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பதினோராம் வகுப்பு மாணவர் செய்கிற சோதனைகளில் ஒன்று ஸ்டோக்ஸ் முறை. 1851-இல் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் என்ற அறிஞர் வகுத்த விதி அது. உயரமான கண்ணாடிச் சாடியிலே விளக்கெண்ணெய். ஒரு சின்னஞ்சிறு எஃகுக் குண்டு. சாடியின் வெளிப்புறத்தில் அடையாளக் கோடுகள். குண்டைத் திருகு அளவியில் வைத்து அதன் பருமனை அளக்கவேண்டும். பிறகு எண்ணெயிலே மெல்ல நழுவவிடவேண்டும். ஒரு கோட்டைக் கடக்கும்போது கடிகாரத்தைத் தட்டி, அடுத்த கோட்டில் நிறுத்தவேண்டும். தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம்.

இவ்வளவுதானா? இவ்வளவுதான். ஆனால் இதற்குள்ளே எத்தனை பாடம்!

முதற் பாடம்: கோட்டை எண்ணெயின் மேல்மட்டத்திலே போடக்கூடாது, சற்றுக் கீழே போடவேண்டும். ஏன்? விழத் தொடங்கும்போது குண்டின் வேகம் கூடிக்கொண்டே போகும். எண்ணெய் அதைத் தடுக்கும். இழுப்பும் தடுப்பும் சரிக்குச் சரி ஆனபிறகு வேகம் கூடவும் கூடாது, குறையவும் குறையாது. அதன் பெயர் முற்றுத் திசைவேகம். அந்த நிலை வந்தபிறகு அளந்தால்தான் அளவு. அவசரப்பட்டு முன்னாலே அளந்தவன் ஏமாந்தவன்.

இரண்டாம் பாடம்: கண் பார்த்துக் கை தட்டுவதற்குள் ஏறத்தாழ வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு ஓடிவிடும். மனிதன் எவனும் இதற்கு விலக்கல்ல. கோடீசுவரன் வீட்டுப் பிள்ளைக்கும் அதே தாமதம்தான். அதனால் ஒருமுறை அளந்து ஓடிவிடக்கூடாது. மறுபடி விடு, மறுபடி அள. ஐந்து முறை, பத்து முறை. சராசரி எடு. "என் கண்ணால் பார்த்தேன்" என்பது போதாது. "பலமுறை பார்த்தேன், இவ்வளவு வேறுபாடு வந்தது" என்று சொல்லவேண்டும். ஊர்ப் பஞ்சாயத்திலே ஒரே சாட்சியை வைத்துத் தீர்ப்புச் சொல்லலாமா? கூடாது என்றால் ஆய்வகத்திலும் கூடாது.

மூன்றாம் பாடம்தான் எனக்கு மிகப் பிடித்தது. குண்டின் ஆரம் இரண்டு மடங்கானால் வேகம் நான்கு மடங்காகும். இது வாத்தியார் சொன்னதால் உண்மை அல்ல. புத்தகத்தில் அச்சடித்திருப்பதால் உண்மை அல்ல. சின்னக் குண்டையும் பெரிய குண்டையும் மாற்றி மாற்றி விட்டுப் பார்க்கிற நெசவாளி மகளுக்கு, அந்தச் சாடியே சாட்சி சொல்கிறது. யார் சொன்னாலும் மெய் எது என்று நீயே காண் என்றார் வள்ளுவர். ஏன், எப்படி என்று கேட்காமல் எதையும் ஏற்காதே என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னார் பெரியார். ஆயிரம் மேடையிலே நாம் பேசிய பகுத்தறிவு, அரைப்படி விளக்கெண்ணெயிலே கண்முன்னால் நடக்கிறது!

பின்னாலிருந்து எழுதும் பொய்க் கணக்கு

ஆனால், நடக்கிறதா? கசப்பான செய்தியை மூடி மறைப்பது நம் வழக்கமல்ல; சொல்லிவிடுவோம்.

விளக்கெண்ணெய் வெப்பத்துக்கு மிகவும் அசைந்து கொடுக்கும். 20 டிகிரியில் இருக்கும் எண்ணெயைவிட 30 டிகிரியில் இருக்கும் எண்ணெயில் அதே குண்டு இரண்டு மடங்கு வேகத்தில் இறங்கிவிடும். ஆகவே மார்கழிக் காலையில் அம்மையார்குப்பத்தில் அளந்தால் ஒரு விடை. சித்திரை நண்பகலில் அளந்தால் வேறு விடை. இரண்டும் உண்மை. வெப்பமானியைப் பார்த்து, "இந்த வெப்பத்தில் இந்த வேகம்" என்று எழுதுகிற மாணவி இயற்பியல் கற்றவள்.

ஆனால் பல இடங்களில் என்ன நடக்கிறது? கையேட்டிலே ஒரு எண் அச்சாகியிருக்கிறது. அந்த எண் வரவேண்டும் என்பதற்காக, விடையிலிருந்து பின்னோக்கி நடந்து, அளவுகளைக் கற்பனையாக எழுதுகிறார்கள். தனி ஊசலில் 9.8 வரவேண்டுமா? முதலில் 9.8 என்று எழுதிவிடு. பிறகு அதற்கு ஏற்ற வினாடிகளை இட்டு நிரப்பு! குண்டும் விழவில்லை, ஊசலும் ஆடவில்லை. பதிவேடு மட்டும் நிறைந்துவிட்டது. செய்முறைத் தேர்வுக்கு முதல் வாரம் அலமாரி திறக்கிறது. தேர்வு முடிந்ததும் பூட்டு விழுகிறது.

தோழர்களே, இது சின்னப் பிழை அல்ல. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கும் பழைய மூடநம்பிக்கை இது! "ஏட்டில் இருக்கிறது, அதனால் உண்மை, உன் கண்ணிலே படுவது மாறாக இருந்தால் உன் கண்ணைத் திருத்திக்கொள்" என்பதுதானே வைதீகம்? அதையேதான் இந்தப் பொய்ப் பதிவேடும் சொல்லித் தருகிறது. கோயில் வாசலிலே நாம் எதிர்த்ததை ஆய்வகத்தின் வாசலிலே அனுமதிக்கலாமா?

ஆசிரியர்மேல் மட்டும் பழி போட்டுத் தப்பிக்கவும் கூடாது. ஐம்பது பிள்ளைகளுக்கு இரண்டு கடிகாரம், அதில் ஒன்று ஓடாது என்றால் அவர் என்ன செய்வார்? தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் ஏன் என்று விளக்கம் கேட்கிறார்கள். சாடி உடைந்து கிடப்பதற்கு விளக்கம் கேட்பார் உண்டா?

பரங்கிமலைப் பீரங்கி

"உள்ளூரில் அளந்த எண்ணுக்கு அத்தனை மதிப்பா?" என்று கேட்பவருக்கு நம் சென்னையின் கதையைச் சொல்லவேண்டும்.

நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு வான் ஆய்வகம் கட்டியது. அதன் கருங்கல் தூணிலே தமிழும் பொறிக்கப்பட்டிருக்கிறது. அங்கே பொறுப்பிலிருந்த ஜான் கோல்டிங்காம் என்பவர் 1820, 1821 ஆண்டுகளில் ஒலியின் வேகத்தை அளந்தார். எப்படி? காலையும் மாலையும் புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் பீரங்கி வெடிப்பது அந்நாளைய வழக்கம். வெடிக்கும் மின்னல் உடனே கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஓசை பின்னாலே வரும். இரண்டுக்கும் இடையில் எத்தனை வினாடி என்று கடிகாரத்தின் துடிப்பை எண்ணினார்கள். ஆய்வகத்திலிருந்து பரங்கிமலை ஏறத்தாழ 9 கிலோமீட்டர். ஓசை வந்து சேர 26 வினாடி அளவில் ஆகும். ஒருநாள் இருநாள் அல்ல. மாதக்கணக்கில், நூற்றுக்கணக்கான முறை எண்ணினார்கள். எண்ணியவர்களில் இந்நாட்டு உதவியாளர்களும் உண்டு.

என்ன கண்டார்? குளிர்ந்த மாதங்களில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 1,100 அடி. ஜூலையில் 1,164 அடி. ஐரோப்பாவில் கண்ட எண் ஒன்று இருக்கிறதே என்று அவர் தம் எண்ணை மடக்கவில்லை. சென்னையின் வெயிலும் காற்றின் ஈரமும் சேர்ந்து கொடுத்த எண்ணை அப்படியே எழுதி இலண்டன் அறிவியல் கழகத்துக்கு அனுப்பினார், 1823-இல் அச்சாயிற்று. அவர் கண்ட ஏற்ற இறக்கம் இன்றைய கணக்கு தருவதைவிடப் பெரிதுதான். ஆனால் வெப்பம் கூடினால் ஒலி விரையும் என்ற உண்மை அதிலே நிற்கிறது. இன்று டிகிரிக்கு வினாடிக்கு 0.6 மீட்டர் என்று அதைக் கணக்கிடுகிறோம்.

இன்னொரு செய்தியும் கேளுங்கள். துப்பாக்கிக் குண்டின் வேகத்தைக் கண்ணால் பார்த்துக் கடிகாரத்தால் பிடிக்க முடியுமா? முடியாது. பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர் 1742-இல் வழி சொன்னார். கனமான மரக்கட்டையைத் தொங்கவிடு. குண்டு அதிலே பாய்ந்து புதையட்டும். கட்டை எவ்வளவு உயரம் எழும்புகிறது என்று பார். பத்துக் கிராம் குண்டு பாய்ந்து, குண்டும் கட்டையுமாக இரண்டு கிலோ எடை ஐந்து சென்டிமீட்டர் எழும்பினால், குண்டின் வேகம் வினாடிக்கு 198 மீட்டர்! பறக்கிற குண்டைப் பிடிக்காமலே அதன் வேகத்தைப் பிடித்துவிட்டான் மனிதன். அந்த ராபின்ஸ் கம்பெனியின் கோட்டைகளைச் செப்பனிட வந்து, 1751-இல் இறந்தது எங்கே தெரியுமா? கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையிலே!

ஆக, வேகம் அளக்கும் கலை நம் மண்ணுக்கு இருநூறு, இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே வந்து இறங்கிவிட்டது. ஆனால் யாருக்காக? பீரங்கிக்காக, படைக்காக, வரிக்காக. நுங்கம்பாக்கத்திலே கடிகாரத் துடிப்பை எண்ணிய நாளில், தறிக்குழியிலே கால் வைத்திருந்தவனின் மகனுக்கு அந்தக் கூடத்துக்குள்ளே இடம் இருந்ததா?

அளக்காத எண்

வேறொரு கூட்டம் உண்டு. அவர்களுக்கு ஆய்வகமே வேண்டாம். எல்லாம் முன்பே எழுதியாயிற்று. ஒளியின் வேகத்தை வேத உரையிலேயே சொல்லிவிட்டார்களாம்! 14-ஆம் நூற்றாண்டில், விஜயநகரத்தில் வாழ்ந்த சாயனர் தம் உரையில், கதிரவன் அரை நிமேஷத்தில் 2,202 யோசனை செல்வதாக எழுதியிருக்கிறார். அதைப் பெருக்கி வகுத்தால் ஒளியின் வேகம் வருகிறதாம்.

சரி, பெருக்குவோம். ஒரு யோசனை எவ்வளவு தூரம்? ஒருவர் 8 கிலோமீட்டர் என்பார். இன்னொருவர் 14 என்பார். நிமேஷம் எவ்வளவு நேரம்? நூலுக்கு நூல் கணக்கு வேறு. வேண்டிய விடை வரும்வரை கோலையும் மாற்று, கடிகாரத்தையும் மாற்று என்றால் எந்த எண்தான் வராது? அந்த உரை பேசுவதோ கதிரவனைப் பற்றி. ஒளியைப் பற்றி அல்ல. எப்படி அளந்தார், எதைக்கொண்டு அளந்தார், எத்தனை முறை அளந்தார் என்று ஒரு சொல் கிடையாது. ஆய்வகத்திலே விடையைப் பார்த்து அளவை நிரப்புகிற மாணவனுக்கு இவர்கள்தானே ஆசான்கள்!

பிரான்சு நாட்டு ஃபிசோ 1849-இல் என்ன செய்தார்? 720 பல் கொண்ட சக்கரத்தைச் சுழற்றினார். பல் இடுக்கு வழியாக ஒளியை அனுப்பி, எட்டரைக் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த கண்ணாடியில் மோதித் திரும்பி வரச் செய்தார். திரும்பி வரும் ஒளியை அடுத்த பல் மறைக்கும்வரை சக்கரத்தின் வேகத்தைக் கூட்டினார். வினாடிக்கு ஏறத்தாழ 3,13,000 கிலோமீட்டர் என்று விடை வந்தது. இன்று நாம் அறிந்தது 2,99,792. நூற்றுக்கு நாலைந்து பங்கு பிழை. ஆயினும் அது அளந்த விடை! எங்கே பிழை என்று தேட வழி உள்ள விடை. அதனால்தான் அவருக்குப் பின்னே வந்தவர்கள் அதைத் திருத்த முடிந்தது. அளக்காமல் சொன்ன எண்ணைத் திருத்த முடியாது, கும்பிடத்தான் முடியும்.

2015 ஜனவரியில் மும்பையில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டிலே, வேத காலத்து விமானம் பற்றி ஒரு கட்டுரை படித்தார்கள். கண்டம் விட்டுக் கண்டம் பறந்ததாம். கோள் விட்டுக் கோளும் பறந்ததாம். அப்படிப்பட்ட பெருமைக்கு ஆதாரம் காட்டப்படும் வைமானிக சாத்திரம் என்ற நூலைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து ஆய்வாளர் ஐவர் 1974-இலேயே பிரித்துப் பார்த்துவிட்டார்கள். நூல் பழையதே அல்ல, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தது. அதில் சொன்ன பொறிகள் பறக்கவே பறக்கா என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். நாற்பது ஆண்டு கழித்தும் அந்த விமானம் அறிவியல் மேடையில் இறங்குகிறதென்றால் குற்றம் யாருடையது? மேடையில் இருந்தவர்களுடையது மட்டுமா? "வேகம் எவ்வளவு? அளந்தது யார்?" என்று கேட்கும் பழக்கத்தைப் பள்ளியிலேயே ஊட்டாத நாட்டினுடையது. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் கடமை என்று 1976-இல் அரசமைப்புச் சட்டத்திலே எழுதிவைத்தோம். கடமையைச் சட்டத்தில் வைத்துவிட்டு, கடிகாரத்தை அலமாரியில் பூட்டினால் எப்படி?

அரைநாள் பள்ளியும் முழுநாள் தறியும்

பழைய வரலாற்றை இளந்தோழர்களுக்கு நினைவூட்டுகிறேன். 1953-இல் இராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது ஒரு கல்வித் திட்டம் வந்தது. சிற்றூர்த் தொடக்கப் பள்ளியில் பிள்ளைக்கு நாளுக்கு மூன்று மணி நேரம் பாடம். மற்ற நேரம் அப்பன் செய்யும் தொழிலைப் பழகவேண்டும். குலக்கல்வித் திட்டம் என்று நாடு அதற்குப் பெயர் சூட்டியது. பெரியாரும் கழகமும் கொதித்தெழுந்தார்கள். 1954-இல் காமராசர் முதலமைச்சரானார், திட்டம் குழிக்குள் போயிற்று.

அந்தக் கொந்தளிப்பின் நடுவில், 1953 அக்டோபரில் ஆந்திரம் பிரிந்தபோது திருத்தணி வட்டாரம் சித்தூர் மாவட்டத்தோடு அந்தப் பக்கம் போய்விட்டது. ம.பொ.சி. உள்ளிட்டோர் போராடினார்கள். பட்டாஸ்கர் வந்தார். ஊரை அலகாகக் கொண்டு, எந்த ஊரில் எந்த மொழியினர் மிகுதி, எந்த ஊர் எதனோடு ஒட்டி நிற்கிறது என்று பார்த்து எல்லை வகுத்தார்கள். 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி வட்டாரம் நம்மோடு சேர்ந்தது. அங்கேயும் வழக்கைத் தீர்த்தது என்ன? ஓர் அலகு, ஓர் எண்ணிக்கை, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஓர் அளவுகோல்! தமிழும் தெலுங்கும் பேசும் உழைப்பாளிகள் இன்று அந்த எல்லையில் ஒரே தேநீர்க் கடையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். முறையாக அளந்தால் பகை வளராது.

குலக்கல்வியின் உள்நோக்கம் என்ன? நெசவாளி மகன் நாடாவை ஓட்டலாம். நாடாவின் வேகத்தைக் கணக்கிடக் கூடாது. அவன் அளக்கப்படுபவன், அளப்பவன் வேறொருவன். அதுதான் வருணத்தின் உயிர்நாடி.

உலகத் தொழிலாளர் இதை நன்றாக அறிவார்கள். அமெரிக்காவில் வாட்டர்டவுன் என்ற ஊரின் படைக்கலத் தொழிற்சாலையில், தொழிலாளியின் ஒவ்வொரு அசைவையும் நிறுத்துக் கடிகாரத்தால் அளந்து வேலையை முடுக்க வந்தார்கள். 1911-இல் வார்ப்படத் தொழிலாளர் வேலையைப் போட்டுவிட்டு வெளியே நடந்தனர். 1915-இல் அந்நாட்டு நாடாளுமன்றமே, அரசுப் படைக்கலச் சாலைகளில் அந்தக் கடிகார முறைக்குப் பணம் செலவிடக் கூடாதென்று தடை போட்டது. கடிகாரமா குற்றவாளி? அல்ல. கடிகாரம் ஒரே பக்கத்தின் கையில் இருந்ததே குற்றம்! மாணவி கையில் இருந்தால் அது அறிவு. கங்காணி கையில் மட்டும் இருந்தால் அது சாட்டை.

ஓட்டத்தின் நடுவே மாறிய கோல்

இப்போது மாங்கனிக்கு வாருங்கள். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக்கொண்டு மருத்துவக் கல்லூரியில் சேரும் முறை தமிழ்நாட்டில் இருந்தது. அன்று இயற்பியலின் 200 மதிப்பெண்ணில் 50 செய்முறைக்கு. ஆய்வகத்தில் கைவைத்து அளப்பதற்கு ஒரு மதிப்பு இருந்தது. அந்தக் கோலை நம்பித்தான் நம் பிள்ளைகள் பன்னிரண்டு ஆண்டு ஓடினார்கள். 2017-இல் நீட் வந்தது. ஓடி வந்தவர்களைப் பார்த்து, "தூரம் என்றால் இது அல்ல, வேறு" என்றார்கள்!

2025-ஆம் ஆண்டுத் தேர்வில் 180 வினா, 180 நிமிடம். ஒரு வினாவுக்கு ஒரு நிமிடம். நான்கு விடையில் ஒன்று. ஆய்வகச் சோதனைகளும் அந்தப் பாடத்திட்டத்தில் உண்டு என்று வாதாடுவார்கள். உண்டு, தாளிலே உண்டு! விளக்கெண்ணெய்ச் சாடியைக் கண்ணால் பாராதவனும் குண்டின் வேகம் பற்றிய வினாவுக்குச் சரியான கட்டத்தைக் கறுப்பாக்கிவிடலாம். பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டினால் போதும். பத்து முறை அளந்து, பத்து விடையும் சற்றுச் சற்று மாறுவது ஏன் என்று யோசிக்கிற பொறுமைக்கு அங்கே மதிப்பெண் கிடையாது.

"அந்தச் செய்முறை மதிப்பெண்ணை நீங்கள் அள்ளி அள்ளிக் கொடுத்தீர்களே?" என்று மாற்றார் கேட்பார்கள். அதில் உண்மை உண்டு, ஒப்புக்கொள்வோம். அதற்கு மருந்து என்ன? தராசுத் தட்டிலே தூசி படிந்தால் துடைக்கவேண்டும். தராசைத் தூக்கிக் கிணற்றில் போடுவதா? ஆய்வகத்தை உண்மையாகத் திற, உண்மையாக அளக்க விடு, உண்மையாக மதிப்பெண் போடு. அதுதான் மருந்து.

2021 செப்டம்பரில் சட்டமன்றம் நீட் விலக்கு முன்வடிவை நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2022 பிப்ரவரியில் மறுபடி நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் மறுக்கப்பட்ட செய்தி 2025 ஏப்ரலில் அதே மன்றத்தில் அறிவிக்கப்பட்டது. சினம் தணிந்த இடமாதலால் தணிகை என்று திருத்தணிக்குப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். நம் சினம் தணியவில்லை!

தோழர்கள் செய்யவேண்டியது

சினம் மட்டும் போதுமா? போதாது. டில்லியின் கதவைத் தட்டுகிற கை, நம் ஊர்ப் பள்ளியின் ஆய்வகக் கதவையும் தட்டவேண்டும். அந்தக் கதவின் சாவி டில்லியில் இல்லை.

2022-இல் வானவில் மன்றம் என்ற பெயரில் அரசுப் பள்ளிகளின் ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை சோதனைக் கருவிகளை எடுத்துச் சென்று காட்டும் திட்டம் தொடங்கப்பட்டது. நல்ல தொடக்கம். ஆனால் மற்றவர் செய்து காட்டப் பிள்ளை பார்ப்பது முதற்படி. பிள்ளையே செய்து மற்றவருக்குக் காட்டுவது மேற்படி.

பள்ளி மேலாண்மைக் குழுவிலே நம் தோழர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்திலே சுவருக்கு வண்ணம் அடிப்பதைப் பற்றி மட்டும் பேசாமல், இவற்றையும் கேளுங்கள். ஆய்வகம் வாரத்துக்கு எத்தனை நாள் திறக்கிறது? ஓடுகிற நிறுத்துக் கடிகாரம் எத்தனை? ஒரு கருவிக்கு எத்தனை பிள்ளை? ஆய்வக உதவியாளர் இருக்கிறாரா, அந்த இடம் காலியாகவே கிடக்கிறதா? பெண்பிள்ளைகள் பதிவேடு எழுதுகிறார்களா, கருவியைத் தொடுகிறார்களா? எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: ஒரு மாணவிக்குக் கையேட்டு எண்ணுக்கு மாறான எண் வந்தால், "தப்பு" என்று அடிக்கிறார்களா, "ஏன் வந்தது, மறுபடி பார்" என்கிறார்களா?

பணம் இல்லை என்று சொல்லாதீர்கள். 1638-இல் கலிலியோ எழுதிவைத்த சோதனைக்கு எது கருவி? பள்ளம் வெட்டிய ஒரு மரப்பலகை, ஒரு வெண்கலக் குண்டு, துளையிட்ட ஒரு தண்ணீர்ப் பாத்திரம். வினாடி காட்டும் கடிகாரம் அவரிடம் இல்லை. குண்டு உருளும் நேரத்தில் ஒழுகிய தண்ணீரை நிறுத்து நேரத்தை அளந்தார். நூறு முறை திரும்பத் திரும்பச் செய்ததாகச் சொல்கிறார். பலகையின் கால் பங்குத் தூரத்துக்குப் பாதி நேரம் ஆயிற்று என்று கண்டார். அதே கலிலியோவை 1633-இல் மத மன்றம் மண்டியிடச் செய்தது. அவர் கண்டதை மண்டியிடச் செய்ய முடிந்ததா? தச்சரும் தறிக்காரரும் நிறைந்த ஊரிலே ஒரு பலகைக்கும் ஒரு குண்டுக்குமா பஞ்சம்? நம் படிப்பகங்கள் எத்தனை ஊரில் இருக்கின்றன! ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம், ஏடு படிக்கிற மேசையிலே அந்தப் பலகையைச் சாய்த்து வையுங்கள். பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். விடையை நீங்கள் சொல்லாதீர்கள், அவர்களே அளக்கட்டும்.

திருத்தணி மலைக்கு 365 படி என்று ஊரே சொல்கிறது. ஏறி இறங்கிய இலட்சம் பேரில் எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்? ஒரு சிறுமி எண்ணிக்கொண்டே ஏறி, தனக்கு வந்த எண் வேறாக இருந்தால் பயப்படாமல் சொல்லி, மறுபடி எண்ணத் துணிந்தாளானால், அவளை எவனும் எளிதில் ஏமாற்ற முடியாது. கோயிலிலும் முடியாது, கூலிக் கணக்கிலும் முடியாது, தேர்தல் மேடையிலும் முடியாது. நம் மேடையும் அதற்கு விலக்கல்ல. நாம் சொல்வதையும் அவள் அளக்கட்டும்!

அம்மையார்குப்பத்து நெசவாளி தம் மகளுக்குத் தறி வைத்துவிட்டுப் போகலாம், கடன் வைத்துவிட்டுப் போகலாம். நாடு அவளுக்கு வைக்கவேண்டியது ஒரு கோலும் ஒரு கடிகாரமும், அவற்றைக் கையில் எடுக்கும் உரிமையும். கொடுக்கும்வரை கேட்போம். கொடுத்தபின், அலமாரியில் பூட்டாமல் பார்த்துக்கொள்வோம்.